‘லீப்’ என்னும் சொல்லும் பாகூர் வாய்க்காலும்

தமிழ்த்துறை மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று துறைப் பேராசிரியப் பெருமக்கள் பணித்தபோது, சங்க இலக்கியத்திலிருந்தோ இசுலாமியத் தமிழ் இலக்கியத்திலிருந்தோ ஒரு பொருளை எடுத்துக்கொள்ளவே முதலில் எண்ணினேன். ஆயினும், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக என் நெஞ்சில் கிடக்கும் ஓர் ஆங்கிலச் சொல் எழுந்து முன்னே வந்து நின்றது. ‘லீப்’ என்பது அச்சொல். தமிழில் எழுதினால் இரண்டே எழுத்து. அவ்விரண்டெழுத்தால் நான் மதிப்பெண் இழந்ததுண்டு. பின்னாளில் ஒரு பெருங்கடன் எனக்கு இருப்பதை உணர்ந்ததும் அவ்விரண்டெழுத்தால்தான். இந்த இரண்டையும் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது பாகூர். பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற ‘கொம்யூன்’ என்னும் சொல்லாலேயே இன்றும் அப்பகுதி பாகூர் கொம்யூன் என்று வழங்கப்படுகிறது. தென்பெண்ணை நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரித்துப் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஏரியின் மதகுகளிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால்கள் கழனிகளுக்குப் போகும். அப்படிப்பட்ட கிளை வாய்க்கால் ஒன்று எங்கள் சிற்றூருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே குறுக்கிட்டது. சுற்றிச் சென்றால் பாலம் உண்டு. ஆனால் பாலத்தின் வழியே சென்றால் மணி அடித்துவிடும். ஆகவே வாய்க்காலைத் தாண்டியே பள்ளிக்குச் செல்வது எங்கள் வழக்கம்.

என் அத்தா மிதிவண்டியில் துணிமூட்டை கட்டி ஊர் ஊராகச் சென்று விற்பவர். எனக்கு மூன்று வயது மூத்தவர் அண்ணன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாய்க்கால் கரை தொட்டு ஓடும்போது அண்ணன் முதலில் தாண்டுவார். பின்னர், அக்கரையில் காலை நன்றாக ஊன்றிக்கொண்டு கையை நீட்டுவார். நான் சுழித்தோடும் நீரைப் பார்த்து அஞ்சி நிற்பேன். “தண்ணியப் பாக்காதடா, என் கையப் பாரு” என்பார். அவருடைய கையைப் பார்ப்பேன், தாண்டிவிடுவேன். ஒரு நாளேனும் அந்தக் கை என்னை நழுவவிட்டதில்லை.

எட்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தில் ஒரு பழமொழி வந்தது. தாவுமுன் பார்த்துக்கொள் என்பது அதன் பொருள். ‘லீப்’ என்றால் என்ன என்று ஆசிரியர் வினவினார். ஒருவன் ‘குதி’ என்றான். ஒருவன் ‘தாவு’ என்றான். மீனவர் குப்பத்திலிருந்து வந்த மாணவன் ‘துள்ளு’ என்றான். நான் ‘தாண்டு’ என்றேன். ‘குதி’ ஒன்றே சரி என்று ஆசிரியர் எழுதிப் போட்டார். காலாண்டுத் தேர்வில் நான் மறுபடியும் ‘தாண்டு’ என்றே எழுதினேன். சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. ஆசிரியரை நான் குறை கூறவில்லை. அறுபது பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தும் ஒருவருக்கு ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் போதும். ஐந்து பொருள்களை ஆராய்ந்துகொண்டிருக்க அவருக்கு நேரமேது?

ஆயினும் அச்சிவப்புக் கோடு என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் காட்டினேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “குதிச்சா வாய்க்காலுக்குள்ளதான் விழுவோம். தாண்டுனாத்தான் பள்ளிக்கூடம் போவோம். நீ எழுதினதுதான் சரி” என்றார். நான் கேட்ட முதற் சொல்லாராய்ச்சிச் சொற்பொழிவு அதுவே.

பின்னாளில் தமிழ் பயின்று, தமிழ் கற்பிக்கும் தொழிலுக்கும் வந்தபின், அண்ணன் கூற்றின் நுட்பம் எனக்கு மேலும் விளங்கிற்று. தமிழில் இவ்வினைக்குரிய சொற்கள் பலவாயினும் அவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. மேலிருந்து கீழே விழுமாறு செய்வதும், நின்ற இடத்திலேயே எழும்புவதும் குதித்தல். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றுவது தாவுதல்; மந்தி கிளைக்குக் கிளை தாவும். விசையோடு முன்னோக்கிச் செல்வது பாய்தல்; புலி பாயும், அம்பு பாயும், மதகைத் திறந்தால் நீரும் பாயும். களிப்பில் எழுவது துள்ளல். கன்றும் கெண்டையும் துள்ளும். எட்டாததை எட்ட விரல்நுனியில் எழுவது எம்புதல். சிற்றடியாகத் துள்ளிச் செல்வது தத்துதல்; தத்துக்கிளி அதனாலேயே அப்பெயர் பெற்றது. இடையிலே ஒன்று கிடக்க, அதன்மேல் கால் படாமல் அப்பால் செல்வதே தாண்டுதல். விளையாட்டுத் திடலில் நீளந்தாண்டுதல், உயரந்தாண்டுதல், தடைதாண்டும் ஓட்டம் என்றே நாம் கூறுகிறோம். அங்கே எவரும் நீளங்குதித்தல் என்பதில்லை. என் விடைத்தாளுக்கு அத்திடலே சான்று.

இச்சொற்கள் உடலின் அசைவை மட்டும் குறித்து நிற்கவில்லை. உள்ளத்தின் அசைவையும் குறித்தன. சினங்கொண்டவன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கிறான். செருக்குடையவனைத் துள்ளாதே என்கிறோம். வரம்பு மீறியவன் எல்லை தாண்டினான். சந்தையில் விலை எகிறுகிறது. ஓர் அணியை விட்டு மற்றோர் அணியைப் பற்றும் அரசியலாருக்கெனத் ‘தாவு’ என்னும் சொல்லையே தேர்ந்தெடுத்துக் ‘கட்சித் தாவல்’ என்று பெயரிட்டனர். 1985இல் அதற்கெனத் தடைச் சட்டமும் வந்தது. குதித்தல், துள்ளல் முதலிய பிற சொற்கள் கிடக்க, கிளைவிட்டுக் கிளை பற்றும் சொல்லையே மக்கள் இதற்குக் கொண்டது, தமிழர்தம் சொல்லுணர்வுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இலக்கண நூலோரும் இவ்வசைவுகளை விட்டுவைக்கவில்லை. கலிப்பாவுக்குரிய ஓசையைத் துள்ளலோசை என்றனர். பவணந்தியார் நன்னூலில் நூற்பாக்கள் அமையும் முறையை நான்காகப் பகுத்தபோது, ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, பருந்தின் வீழ்வு என்பனவற்றோடு தவளையின் பாய்ச்சலையும் ஒன்றாக வைத்தார். இடையிலுள்ள நூற்பாவை விட்டு அப்பாலுள்ளதோடு பொருள் சென்று இயைவது அது. புதுவை நிலத்தின் அமைப்பே இதற்கு உவமையாகும் என்று நான் மாணவர்க்குக் கூறுவதுண்டு. புதுவையிலிருந்து பாகூர் செல்பவர், தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்து, மீண்டும் புதுவை எல்லைக்குள் வருவார். வரைபடத்தைப் பார்த்தால் எங்கள் நிலம் ஆற்றொழுக்காகக் கிடப்பதில்லை. தவளைப் பாய்ச்சலாகவே கிடக்கிறது.

கம்பர் தம் சுந்தர காண்டத்தின் முதற்படலத்திற்குக் ‘கடல் தாவு படலம்’ என்னும் பெயரே வழங்குகிறது. நீதிபதி மு.மு. இஸ்மாயில் அவர்கள் போன்ற பெருமக்கள் கம்பனில் தோய்ந்து நின்ற மரபு நம்முடையது. ஆகவே இப்படலப் பெயரை ஈண்டு நினைவூட்டுவது பொருந்தும். மகேந்திர மலையை விட்டு இலங்கையைப் பற்றியது அனுமனின் செயல். அதனால் அங்கே ‘தாவு’ என்பதே பொருத்தம்.

இனி ஆங்கிலச் சொல்லின் பிறப்பைக் காண்போம். கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில், நூலகத்தின் மூலையில் ஸ்கீட் என்னும் அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி என் கைக்கு வந்தது. பழைய பகைவனைத் தேடுவதுபோல் முதலில் ‘லீப்’ என்னும் சொல்லையே தேடினேன். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹ்லேயபன்’ என்று வழங்கியது. முன்னின்ற ஹகர ஒலி காலப்போக்கில் தேய்ந்தது. அதன் உடன்பிறந்த சொற்கள் அண்டை நாடுகளிலும் உள்ளன. செருமானியர் அதனை ‘லௌஃபன்’ என்பர். அங்கே அதற்கு ஓடுதல் என்பது பொருள். டச்சுக்காரர் ‘லோப்பன்’ என்பர். அங்கே அதற்கு நடத்தல் என்பது பொருள். ஒரே வேரிலிருந்து பிறந்த மூன்று பிள்ளைகளுள் ஒருவன் தாவுகிறான், ஒருவன் ஓடுகிறான், ஒருவன் நடக்கிறான். அந்தப் பக்கத்தை மூடாமல் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். ஏன் அமர்ந்திருந்தேன் என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

இத்தகைய பிரிவு நம் மொழிக் குடும்பத்திலும் உண்டு. புதுவையின் ஒரு பகுதியாகிய மாகேயில் மலையாளம் பேசுவோர், தாண்டிக் குதிப்பதைச் ‘சாடுதல்’ என்பர். தமிழில் ‘சாடுதல்’ என்றால் மோதுதல். இக்காலத்தில் கடுமையாகக் கண்டித்தல். இலத்தீன் மொழியிலும் இதுவே நிகழ்ந்தது. தாவுதல் என்று பொருள்படும் ‘சலீரே’ என்னும் இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சுக்காரரின் ‘சோத்தே’ வந்தது. அவ்வேரிலிருந்தே, ஒருவர்மேல் பாய்தல் என்ற கருத்தில், இழித்துரைத்தலைக் குறிக்கும் ‘இன்சல்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. “என்மேல் ஏன் பாய்கிறீர்?” என்று நாம் கேட்பதும் அதே கருத்தன்றோ? கடல்கள் பல இடையே கிடப்பினும் மனித நெஞ்சம் ஒரே வழியில் உவமை தேடுவது வியப்பே.

‘லீப்’ என்பதன் உறவுச் சொற்களுள் இரண்டு எங்கள் பகுதிக்கும் தொடர்புடையவை. ஒன்று ‘லேப்விங்’ என்னும் பறவைப் பெயர். அதன் பழைய வடிவின் முற்பகுதி தாவுதல் என்னும் பொருளது. பிற்பகுதி தள்ளாடுதல் என்னும் பொருளது. தாவித் தள்ளாடிப் பறக்கும் பறவை என்று ஆங்கிலேயர் பெயரிட்டனர். அதன் இனத்தைச் சேர்ந்த பறவையைப் பாகூர் ஏரிக்கரையிலும், வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரிக் கரையிலும் காணலாம். நம் மக்கள் அதற்கு ஆட்காட்டி என்று பெயர் வைத்தனர். ஆள் வருவதைக் கண்டால் உரக்கக் கத்திக் காட்டிக்கொடுப்பதால் வந்த பெயர். அவர்கள் அதன் பறத்தலைக் கண்டார்கள். நம்மவர் அதன் குரலைக் கேட்டார்கள்.

மற்றொன்று ‘இன்டர்லோப்பர்’ என்பது. உரிமை பெற்ற வணிகக் குழுக்களின் எல்லைக்குள் உரிமையின்றிப் புகுந்து வணிகம் செய்தவர்களை 16ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஆங்கிலேயர் இப்பெயரால் அழைத்தனர். அதன் பிற்பகுதியும் ‘லோப்பன்’ என்பதன் உறவினதே. கிழக்கிந்தியக் கம்பெனியார் இப்பெயரிட்டு வசைபாடிய வணிகருள் ஒருவர் தாமஸ் பிட். பின்னர் அவரையே அக்கம்பெனியார் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக அமர்த்தினர். 1698 முதல் 1709 வரை அவர் அப்பதவியில் இருந்தார். நேற்று வேலி தாண்டியவர் இன்று வேலிக்குக் காவலரானார். பாகூருக்கு ஆங்கிலம் புத்தகமாக வரவில்லை. 1752இல் ஸ்ட்ரிங்கர் லாரன்சின் படை பிரெஞ்சுப் படையைப் பாகூரில் வென்றபோது துப்பாக்கியோடு வந்தது. அம்மொழிச் சொல்லொன்றை எழுதி நான் தோற்ற கதை, அதைவிடச் சிறிய போர்தான்.

‘லீப் ஆண்டு’ என்னும் வழக்கையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. ஒரு நாள் கூடுவதைத் தாவுதல் என்பானேன்? 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும். ஆதலின் ஒரு தேதி ஆண்டுதோறும் அடுத்த கிழமைக்கு நகரும். பிப்ரவரி 29 இடையில் வந்தால் அது ஒரு கிழமையைத் தாண்டி விழும். 2023இல் ஆகஸ்டு 15 செவ்வாய். 2024இல் அது புதன்கிழமையைத் தாண்டி வியாழனில் வந்தது. இத்தாண்டலே அப்பெயருக்குக் காரணம் என்பர். வானியலார் கணக்கிடும் ஹிஜ்ரி ஆண்டு முறையிலும் 30 ஆண்டுகளுக்கு 11 முறை ஒரு நாள் கூட்டப்பட்டு 355 நாளாகும். ஆனால் அரபு மொழியார் அதனைத் தாவும் ஆண்டு என்னாமல், இடையே செருகிய ஆண்டு என்னும் கருத்தில் ‘கபீஸா’ என்றனர். ஒரே செயலை ஒருவர் தாண்டலாகவும் மற்றவர் நிரப்பலாகவும் கண்டனர்.

மீண்டும் அந்தப் பழமொழிக்கு வருகிறேன். தாவுமுன் பார் என்பது ஆங்கிலேயர் அறிவுரை. அதற்கு ஈடாக நம்மிடம் வழங்குவது, ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பது. இரண்டும் ஒன்றென்று பலர் கருதுவர். நான் அவ்வாறு கருதவில்லை. ஏரியும் குளமும் வாய்க்காலும் நிறைந்த நாட்டில் அச்சம் அகலத்தைப் பற்றியதன்று, ஆழத்தைப் பற்றியது. அகலம் கண்ணுக்குத் தெரியும், ஆழம் தெரியாது. பார்ப்பதால் மட்டும் ஆழத்தை அறிய முடியாது. முன்னரே அதில் இறங்கியவர் சொல்லித்தான் அறிய வேண்டும். அண்ணன் “தண்ணியப் பாக்காதடா, என் கையப் பாரு” என்றது இப்பழமொழிக்கு எழுதிய உரையென்றே இன்று எனக்குத் தோன்றுகிறது.

நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சென்ற ஆண்டில் அத்தா நோயுற்றுப் படுத்தார். மிதிவண்டி திண்ணையில் சாய்ந்து கிடந்தது. வீட்டில் எவரும் எதுவும் பேசவில்லை. ஒரு நாள் காலை, பள்ளிக்குப் புறப்படும் வேளையில், அண்ணன் துணிமூட்டையை எடுத்து வண்டியில் கட்டினார். “நீ போடா, நான் கொஞ்ச நாள்ல வந்துடறேன்” என்றார். அன்று வாய்க்கால் கரை வரை அவர் வந்தார். வழக்கம்போல முதலில் தாண்டி, கையை நீட்டி, என்னை அக்கரையில் சேர்த்தார். பின்பு மீண்டும் இக்கரைக்குத் தாண்டி, வண்டியை உருட்டிக்கொண்டு போனார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அவர் பள்ளிக்குத் திரும்பவில்லை. என் பள்ளிக்கட்டணமும், இக்கல்லூரியில் நான் பயின்ற ஆண்டுகளின் விடுதிச் செலவும், அவர் வில்லியனூர் சுல்தான்பேட்டை முதல் பாகூர்ச் சிற்றூர்கள் வரை வெயிலில் மிதித்த மிதியிலிருந்து வந்தவை.

இப்போது கூறுகிறேன். நூலகத்தில் அகராதியின் அந்தப் பக்கத்தை மூடாமல் நான் அமர்ந்திருந்தது இதனாலேயே. ஒரு வேரில் பிறந்தவருள் ஒருவன் தாவினான், ஒருவன் நடந்தான். தாவியவனை உலகம் பாராட்டும். 1969 ஜூலை 20இல் நிலவில் கால் வைத்த ஆம்ஸ்டிராங், தனி மனிதனின் சிற்றடியையும் மானிடத்தின் பெருந்தாவலையும் சேர்த்தே சொன்னார். பின்னதில் வந்தது நம்முடைய இதே ‘லீப்’ என்னும் சொல்தான். உலகின் நினைவில் பெரிதாய் நின்றது அந்தத் தாவலே. அதைத் தாங்கியது ஓர் அடி என்பதை எண்ணுவோர் சிலரே.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ நடத்தும்போதெல்லாம் என் குரல் சற்றுத் தழுதழுக்கும். பிணை என்னும் சொல் பெண்மானையும் குறிக்கும். ஈடாக நிற்பதையும் குறிக்கும். கட்டுண்ட மான் தன் கன்றைத் தேடிச் சென்று திரும்பியது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்காகப் பிணை நின்றதனால். அப்பெருஞ்செயலோடு எதனையும் ஒப்பிட நான் துணியேன். ஆயினும், ஒருவர் துள்ளிச் செல்ல மற்றொருவர் பிணையாக நிற்க வேண்டும் என்னும் பாடத்தை மட்டும் அப்படலத்திலிருந்து என் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அந்த மான் சொன்னபடி திரும்பி வந்தது. நான் திரும்பிச் சென்றேனா என்று கேட்டுக்கொண்டபோது, விடை எனக்கு நாணத்தையே தந்தது. வேலை, குடும்பம், வெளியூர் வாழ்க்கை என்று ஆண்டுக்கு இருமுறை, பெருநாள்களில் மட்டுமே அண்ணனைக் கண்டுவந்தேன்.

அண்மையில் ஊருக்குச் சென்றிருந்தேன். அண்ணனுக்கு முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. ஊன்றுகோலின்றி நடக்க இயலாது. மாலையில் கழனிப் பக்கம் போவோம் என்றார். அந்த வாய்க்காலின் குறுக்கே இப்போது சிறுபாலம் கட்டியிருக்கிறார்கள். தாண்ட வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. எங்கோ ஆட்காட்டி கத்திற்று. பாலத்தின் ஏற்றத்தில் அவர் தயங்கினார். நான் முன்னே சென்று காலை ஊன்றிக்கொண்டு கையை நீட்டினேன். அவர் கீழே ஓடும் நீரைப் பார்த்தார். சொல்ல வேண்டிய சொல் எனக்குத் தெரியும். ஆனால் தொண்டையிலிருந்து வரவில்லை. அவரே சிரித்துக்கொண்டு, “தெரியுது, கையத்தான பாக்கணும்” என்றார். இருவரும் மெல்ல நடந்து கடந்தோம். இவ்வளவு காலமும் பேசாதிருந்த அந்த விடுதிச் செலவைப் பற்றி அன்று பேசினேன். “அதெல்லாம் எதுக்குடா இப்ப?” என்றார். ஆயினும் அவர் என் கையை விடவில்லை.

மாணவச் செல்வங்களே! பாகூர் செப்பேடுகள் 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்தில் ஒரு கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றன. அவ்வூர்களின் விளைச்சலைக் கொண்டே அங்கே பயின்றவர் பயின்றிருப்பர். கொடுத்தவர் பெயர் செப்பேட்டில் இருக்கிறது; நாற்று நட்டவர் பெயர் இல்லை. உங்களுள் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நீங்கள் தாண்டி வந்த வாய்க்காலின் கரையில் உங்களுக்காகக் கால் ஊன்றி நின்றவர் ஒருவர் இருப்பார். அது தாயாக இருக்கலாம். படிப்பை நிறுத்திய அக்காளாக இருக்கலாம். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அவரருகே சற்று நேரம் அமருங்கள். பட்டம் பெற்றபின் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திராதீர்கள். நான் காத்திருந்து பல ஆண்டுகளை இழந்தேன்.

‘லீப்’ என்பதற்குத் தமிழில் என்ன என்று இன்று எவரேனும் என்னைத் தேர்வில் கேட்டால், இடம் நோக்கிப் பொருள் கொள்க என்று எழுதுவேன். எங்கள் ஊர் வாய்க்காலைப் பொறுத்தவரை அதன் பொருள் தாண்டுதலே. அந்த ஒரு மதிப்பெண்ணை என் அண்ணன் எனக்கு அன்றே வழங்கிவிட்டார்.